அக்கரை ஆடுகளின் மரபணு அறிக்கை

ஒரு காட்டில், ஆடுகளால் கடக்க முடியாத ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அதன் அக்கரையில் நாற்பத்து மூன்று வெள்ளாடுகள் வாழ்ந்தன. குட்டைக் கால், விறைத்த காது, யாருக்கும் அடங்காத வாய் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். கால்நடைத் துறையின் பதிவேட்டிலோ, ‘இனம்: சொல்லும்படி ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தது.

பெயரில்லாத இனத்தை மேம்படுத்துவது துறையின் கடமை. அதாவது, உள்ளூர்க் கிடாய்களுக்கெல்லாம் காயடித்துவிட்டு, சமவெளியின் நெட்டைக் கிடாய்களைக் கொண்டுவந்து விடவேண்டும். நெட்டைக் கிடாய்கள் ஆற்றை எப்படிக் கடக்கும் என்பது பற்றி ஆணையில் ஒரு வரியும் இல்லை. காயடிப்புக்கு மட்டும் தேதி குறித்திருந்தார்கள். செவத்தி என்ற ஆட்டின் ஒரே மகன் காரிக்கு அப்போதுதான் கொம்பு முளைத்திருந்தது.

அந்த நேரத்தில், முட்களின் தயவால் மிதந்து அக்கரை சேர்ந்தது ஒரு முள்ளம்பன்றி. அதன் பெயர் முனைவர் முள்ளரசி. மலையும் ஆறும் சாலையும் யார் யாரோடு கூடிக் குட்டி போடுவதைத் தடுக்கின்றன என்று கணக்கிடுவது அவள் துறை. கல்யாணத் தரகர்களுக்கு இது தெரிந்த விஷயந்தான். அவர்களுக்கு யாரும் முனைவர் பட்டம் தருவதில்லை. முள்ளரசி எட்டு ஆண்டுகளாக உதவிப் பேராசிரியர். இன்னும் ஒரே ஒரு கட்டுரை வெளிவந்தால் பதவி உயர்வு.

தன் முள்ளாலேயே அவள் காரியின் காதில் குத்தினாள்.

“ஏம்மா முள்ளு, சும்மா குத்துறியா, காரணத்தோட குத்துறியா?” என்று செவத்தி பாய்ந்தாள்.

“ரத்த மாதிரி எடுக்கிறேன். நீங்கள் தனி இனம் என்று நிரூபித்துவிட்டால் உன் மகனை எவரும் தொட முடியாது.”

“அப்படியா? இந்தப் பக்கக் காதும் இருக்கு, குத்திக்க.”

முடிவு தெளிவாக வந்தது. இருநூறு தலைமுறைகளாக இந்த ஆடுகள் வெளிக் கலப்பே இல்லாத தனி இனம். அதற்கு ஒரே காரணம் ஆறு. அறிக்கை கால்நடைத் துறை இயக்குநரிடம் போயிற்று; அவர் முடிவு சொல்லும்வரை காயடிப்பு ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. இயக்குநர் ஒரு காட்டுப்பூனை.

“நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்; பாதம் நனைந்தும் போட மாட்டேன்” என்றார் அவர். “ஆற்றின் குறுக்கே பாலம் போடச் சொல்லியிருக்கிறேன்.”

“ஐயா, அந்த ஆறுதான் இந்த இனத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது!”

“ஆறு ஒரு தடை என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள், மேடம்? தடையை நீக்குகிறோம். நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.”

பாலம் இரண்டு மாதத்தில் முடிந்தது. இயக்குநரின் வருகை ஐந்து முறை தள்ளிப்போய் ஒன்றரை ஆண்டு கழித்து நிகழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில் நெட்டைக் கிடாய்கள் எந்த ஆணையும் இல்லாமலே பாலத்தைக் கடந்து வந்தன. “பாத்த மூஞ்சியவே பாத்து அலுத்துப்போச்சுடி” என்று அக்கரைப் பெட்டை ஆடுகள் அவற்றை வரவேற்றன. இயக்குநர் பாதம் நனையாமல் வந்து இறங்கியபோது, குட்டிகளில் பாதிக்குக் காது தொங்கிக்கொண்டிருந்தது.

“எங்கே உங்கள் தனி இனம்?” என்று கேட்டுவிட்டு, பழைய ஆணைக்கு உயிர் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காயடிப்பு ஆய்வாளர் நண்டு வந்தார். அந்த வேலைக்கு வேண்டிய கருவி அவருக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. காரியைப் படுக்க வைத்தார்கள். நண்டு ஒரு கொடுக்கை விரித்தார். மறு கொடுக்கால் படிவத்தை எடுத்தார்.

“ஒரு கேள்வி பாக்கியிருக்கு. இந்தக் கிடா மேல நடந்த ஆராய்ச்சி முடிஞ்சிருச்சா? முடியாத ஆட்டைத் தொட்டா எனக்கு மெமோ குடுப்பாங்க.”

எல்லோரும் முள்ளரசியைப் பார்த்தார்கள். ‘பாலத்தால் அழிந்த இனம்’ என்ற கட்டுரை முடிவுரையோடு அவள் பையில் தயாராக இருந்தது. அனுப்பினால் பதவி உயர்வு. மேலும், முள்ளரசி பொய் சொல்லிப் பழகியவளும் அல்ல; பல்கலைக்கழகத்தில் அது ஒரு பெருங்குறையாகக் கருதப்பட்டது.

செவத்தி அழவில்லை. “முள்ளு, இவன இதுவரைக்கும் எத்தன தடவ குத்தியிருப்ப?”

“பதினேழு.”

“பதினெட்டாவது குத்துக்கு இடமில்லாமயா போச்சு? வா.”

முள்ளரசி முடிவுரையைக் கோடு போட்டு அடித்தாள். அந்த இடத்தில், ‘மேலும் ஆய்வு தேவை’ என்று எழுதி நண்டிடம் நீட்டினாள். நண்டு அதைப் படித்துவிட்டுக் கொடுக்கை மடக்கிக்கொண்டார். காரி எழுந்து உடம்பை உதறிக்கொண்டு நேராகப் பாலத்தைக் கடந்து இக்கரைக்குப் போனான். அடுத்த பருவத்தில் இக்கரையிலும் குட்டைக் கால்கள் தென்பட்டன.

முள்ளரசி இன்றும் உதவிப் பேராசிரியர்தான். ஆண்டுக்கொரு முறை காரியைக் குத்தி, இடைக்கால அறிக்கை அனுப்புகிறாள். “முடிவு எப்போது வரும்?” என்று இயக்குநர் கேட்டால், “கிடாய் கிழடாகட்டும், ஐயா” என்கிறாள்.

நீதி: உங்கள் விதைகள் உங்களிடமே இருக்கவேண்டுமானால், உங்களைப் பற்றிய ஆராய்ச்சி முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.