மூணு நாளும் பனி

முதுகுப்பையை மாட்டிக்கொண்டு எழுந்த மோகனசுந்தரம், எழுந்த வேகத்திலேயே மல்லாக்கக் கட்டிலில் விழுந்தார்.

"ஏனுங்க, இன்னும் ரயிலே ஏறல," என்றாள் கோமதி. "நவீன் தம்பி இதே மாதிரிப் பையத் தூக்கிட்டுப் பொசுக்குனு போயிட்டு வந்துருச்சு."

மறுபடியும் நவீன் தம்பி! மோகனசுந்தரத்துக்கு வயிறு எரிந்தது.

நவீன்குமார், கோமதியின் தங்கை தமிழ்ப்ரியாவின் புருஷன். போன மாதம் தன்னந்தனியாகப் பாலக்காட்டில் ரயிலேறி, மதுரையில் மாறி, தேனியில் இறங்கி, சக்குபள்ளம் ஏலக்காட்டு மலைகளுக்குப் போய்வந்தான். வந்தவன் பெரிதாக அளக்கவும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"எப்படி இருந்துச்சு தம்பி?" என்று கோமதி வாயைப் பிளந்தாள்.

"மூணு நாளும் பனிதானுங்க அக்கா. கண்ணே தொறக்க முடியல. அப்படியொரு நடுக்கம்."

அவ்வளவுதான் சொன்னான். ஒரே ஒரு போட்டோ காட்டினான். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை.

அன்று முதல் கோமதி அந்தப் பனியில் நின்றுகொண்டேதான் சமைத்தாள். போட்டோவைத் தன் போனில் வாங்கி வைத்து, எடுத்து எடுத்துப் பார்த்தாள். தன் மூஞ்சியை அவள் ஒரு நாளாவது அப்படிப் பார்த்ததுண்டா என்று மோகனசுந்தரம் யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

"நாமளும் போறோம்! அவன் மூணு நாளு, நாம நாலு நாளு!" என்று அவளிடம் அறிவித்தார்.

அவன் தங்கிய அதே ஷிஜி சேச்சியின் வீட்டில் அறை சொல்லியாயிற்று. மிச்சம் லீவுதான். பாலக்காட்டுச் சித்தூரின் உரக்கடையில் அவருக்கு மேனேஜர் ஜோபி சார். ஊர் சுற்ற என்றால் லீவு கிடைக்காது. மோகனசுந்தரம் போனில் முனகினார்.

"சாரே, நல்ல பனி."

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். சித்தூர்த் தமிழர்களுக்கு லீவு என்று வந்துவிட்டால் எல்லா வியாதியும் மலையாளத்தில்தான் வரும்.

"ரெஸ்ட் எடுக்கு மோகனா," என்றார் ஜோபி சார்.

இப்போது பைதான் பாக்கி. நவீன் கூடாரம் கொண்டுபோகவில்லை என்பதால் இவர் கூடாரம் வாங்கியிருந்தார். அவன் ஒரு ஸ்வெட்டர் என்றால் இவருக்கு இரண்டு.

"பாதிய நீ தூக்கிக்கயேன்."

"நவீன் தம்பி தமிழ்ப்ரியாவையா தூக்கச் சொல்லுச்சு?"

மோகனசுந்தரம் பையைத் திறந்தார். பையில் இருந்தால்தானே கனம் என்று இரண்டு ஸ்வெட்டரையும் உடம்பில் மாட்டினார். குரங்குக் குல்லாயையும் கவிழ்த்தார்.

மாசி மாதத்துப் பாலக்காடு ஸ்டேஷனில் மேம்பாலப் படி ஏறி இறங்குவதற்குள் மூச்சு வாங்கி, வேர்த்து ஊற்றியது. பிளாட்பாரத்தில் மாமியாரை வழியனுப்ப வந்திருந்தார் ஜோபி சார்.

மோகனசுந்தரம் குல்லாயை மூக்கு வரை இழுத்து ஒளிந்தார். அந்தக் கூட்டத்தில் குரங்குக் குல்லாய் போட்டிருந்தது அவர் ஒருவர்தான்.

"எந்தா மோகனா! இத்தன பனியும் வெச்சிட்டு எங்கோட்டா?"

"ஆஸ்பத்திரிக்குங்க சாரே."

"ரயில்லயா?"

"மதுரையில... பெரிய ஆஸ்பத்திரிங்க."

ஜோபி சார் குல்லாய்க்குள் கைவிட்டுப் பார்த்தார். இரண்டு ஸ்வெட்டர் சூடு.

"அய்யோ, தீயாட்டம் இருக்கு! மதுர வரைக்கும் தாங்குமா? என்ட காருல ஏறு!"

"காச்சலுங்களா? எங்கிட்டச் சொல்லவே இல்லியே!" என்று பதறினாள் கோமதி. மேனேஜர் முன்னால் மோகனசுந்தரம் என்ன சொல்வார்? காருக்குள் உட்கார்ந்து ரயிலின் கூவலைக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்வெட்டரைக் கழற்றியதும் உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. ஆனால் ஜோபி சார் கட்டிலை விட்டு நகரவில்லை. வேறு வழியின்றி மோகனசுந்தரம் பல்லைக் கடகடவென்று தட்டி நடுங்கினார். இவ்வளவு நடுக்கமென்றால் எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார்.

"காச்சல மறச்சுட்டு மலையேறப் பாத்தீங்களே! நவீன் தம்பிக்கு இப்படி ஆகுமா? அந்தப் பனியிலயும் கல்லு மாதிரி இருந்துட்டு வந்துச்சு."

ஊசி குத்தியதைவிட அது ஆழமாகக் குத்தியது. தோற்றுவிட்டோம் என்று மோகனசுந்தரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

கோமதி ஷிஜி சேச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சேச்சி, நாங்க வரலீங்க. எங்க ஊட்டுக்காரருக்குப் பனி. ஆஸ்பத்திரில கெடக்குறாரு."

"அய்யோ பாவம்! உங்க குடும்பத்துக்கே இது வழக்கமா? அந்த நவீன்குமாருக்கும் இங்க மூணு நாளும் பனிதான். கட்டில விட்டு எறங்கவே இல்ல, கஞ்சி நானாக்கும் ஊட்டி விட்டது!"