டிரசர் மாமாவின் சாப்பாட்டு ஜெபம்

மலாயாவில் ஜோகூர் முழுக்கத் தேடினாலும், சாப்பாட்டு ஜெபத்தில் இத்தனை பேருடைய வயிற்றுப்போக்கை ஆண்டவருக்கு நினைவுபடுத்திய மனிதர் எங்கள் டிரசர் மாமாவைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். அவர் ஜெபத்துக்கு நின்றாலே பரலோகத்தில் தூதர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள் என்று அப்பா சொல்வார்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடம் முந்தி, குளுவாங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா கிராணி வேலை, அதாவது கணக்கு எழுதும் வேலை பார்த்தார். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக்கார டாக்டர் மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் மருந்து கலக்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் டிரசர்தான். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. கிறிஸ்துமஸ் மத்தியானச் சாப்பாடு மட்டும் வருடா வருடம் எங்கள் வீட்டில்தான்.

அவருக்கு ஒரு கொள்கை. குணமான வியாதிக்கு, பத்துப் பேர் முன்னால் பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது திரும்பி வந்துவிடும்.

"பத்து குஷ்டரோகி சொகமானான். ஒருத்தன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான். மத்த ஒம்பது பேரு என்ன ஆனானுங்கன்னு வேதத்துல இருக்கா? இல்லல்ல? அப்ப என்ன அர்த்தம்?" என்பார்.

ஆகையால் இலையில் நெய்ச்சோறும் கோழிக்கறியும் விழுந்ததும், அந்த வருடத்து வியாதிகள் ஒவ்வொன்றாக வரும். கறி ஆறி, மேலே நெய் உறைந்துவிடும். எங்கள் பூனைக்கு அந்த ஜெபம் மனப்பாடம். எல்லாரும் கண்ணை மூடியிருக்க, மலேரியாவுக்கு நன்றி சொல்லும்போது வந்து ஒரு கோழிக்காலைக் கவ்விக்கொண்டு, சொறிசிரங்கு வருவதற்குள் போய்விடும்.

ஒரு வருடம் மழைக்காலத்தில் எஸ்தர் அக்காவுக்கு டைபாய்டு. பிழைக்க மாட்டாள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். டிரசர் விடவில்லை. பிழைத்தாள், முடி மட்டும் மொத்தமாகக் கொட்டிப்போனது. இங்கேதான் வந்தது வினை. அதற்கு முந்தின ஈஸ்டர் அன்று கோயிலில் அக்காவின் முழங்கால் வரைக்கும் தொங்கிய பின்னலைப் பார்த்துத்தான் சிகாமட்டிலிருந்து ஒரு அம்மாள் தன் மகனுக்குப் பெண் கேட்டிருந்தார். மகன் தபால் ஆபீசில் வேலை. கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வந்து பேசி முடிப்பதாகத் தந்தி வந்தது.

அம்மா ஒரு சவுரியைப் பின்னி, தலையைச் சுற்றி நாடாவால் கட்டி, பின்னல் மட்டும் வெளியே தெரிய முக்காடு போட்டு மறைத்தாள். "கல்யாணத்துக்குள்ள வளந்துரும்," என்றாள். முடியைச் சமாளித்தாகிவிட்டது. டிரசர்?

அப்பா போய்க் கெஞ்சினார். "டிரசர், இந்த ஒரு தடவ எஸ்தர் பேர விட்டுருங்க."

"விட்டா காய்ச்சல் திரும்பிருமே, கிராணியாரே."

"அதெல்லாம் திரும்பாது."

"நீங்க டிரசரா, நான் டிரசரா?"

கிறிஸ்துமஸ் வந்தது. சிகாமட் அம்மாளும் மகனும் பாயில் உட்கார்ந்தார்கள். "பின்னலப் பாத்தாலே வயிறு ரொம்பிருதுங்க," என்றார் அந்த அம்மாள். அம்மா கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. அப்பா அவசரமாக, "நானே ஜெபம் பண்ணிர்றேன்," என்று எழுந்தார்.

"பெரியவர் இருக்காரே, அவரே பண்ணட்டும்," என்றார் அந்த அம்மாள், மரியாதையாக. போயிற்று.

அப்பா உட்கார்ந்தார், டிரசர் கண்ணை மூடினார். "பரமபிதாவே! கிராணியாருக்கு மூலத்தை வற்றப்பண்ணினீரே, ஸ்தோத்திரம். இப்போது அவர் சமமாக உட்கார்ந்திருக்கிறாரே, அதற்கும் ஸ்தோத்திரம். இந்த வீட்டம்மாளின் வாயுவை அடக்கினீரே, ஸ்தோத்திரம். சின்ன மகளின் வயிற்றிலிருந்து ஏழு புழுக்களை வெளியேற்றினீரே, அதில் ஒன்று ஒரு முழம்…"

சின்ன மகள் நான்தான். மாப்பிள்ளைக்கு முன்னால்! முகத்தை இலையில் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"மூத்த மகள் எஸ்தரை…"

பாதியில் நிறுத்திவிட்டார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். நெற்றியில் வேர்வை.

"…ஆமென்."

என் ஆயுசில் முதல் தடவையாகக் கிறிஸ்துமஸ் சோறு சூடாக இருந்தது. டிரசர் மட்டும் இலையில் கை வைக்கவில்லை. காய்ச்சல் அப்போதே ஏறத் தொடங்கிவிட்டது போல அக்கா நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்து நின்றாள். "மாமா, என்னைய விட்டுட்டீங்களே."

"எஸ்தர், ஒக்காருடி!" என்றாள் அம்மா.

"கண்ண மூடுங்கம்மா." அக்கா கை கூப்பினாள். "ஆண்டவரே, எனக்கு டைபாய்டு வந்துச்சு. பதினோரு நாளு டிரசர் மாமா எம் பக்கத்த விட்டு நகரல. முடி போச்சு, உசுரு இருக்கு. ஸ்தோத்திரம்." சொல்லிவிட்டு முக்காட்டை எடுத்தாள்; சவுரியை அவிழ்த்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். தலை உரித்த தேங்காய் மாதிரி இருந்தது.

"ஆமென்!" என்று டிரசர் போட்ட சத்தத்தில் பூனை கோழிக்காலைக் கீழே போட்டுவிட்டது.

"அலமாக்!" என்று மலாயில் அதிர்ந்தார் சிகாமட் அம்மாள். சவுரியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அப்புறம் டிரசர் பக்கம் திரும்பினார்.

"பதினோரு நாளா?"

"ஆமாங்கம்மா."

"எம் மகளுக்கும் இதே காய்ச்சல்தான் வந்துச்சு. எங்க பக்கம் ஒக்காந்து பாக்க ஆளில்ல, போயிட்டா." பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முடி என்ன முடி, அது வளரும். பொண்ண ஒக்காரச் சொல்லுங்க, சோறு ஆறுது," என்றார். உடனே குரலைத் தாழ்த்தி, "டிரசரு, எனக்கு முட்டியில ஒரு வலி. சாப்ட்டு பாக்குறீங்களா?"

அடுத்த கிறிஸ்துமஸில் அக்காவின் மாமியாருடைய இடது முட்டிக்கு ஒரு ஸ்தோத்திரம், வலது முட்டிக்கு ஒரு ஸ்தோத்திரம். அந்த அம்மாள் கூச்சமே இல்லாமல் இரண்டுக்கும் "ஆமென்" சொன்னார். நான் வளர்ந்து தாவணி போட்ட பிறகும் என் ஏழு புழுக்களை டிரசர் விடவில்லை. வெட்கத்தில் தலை குனிந்து குனிந்தே நான் மாதா சிலை மாதிரி ஆகிவிட்டேன் என்று அக்கா கேலி செய்வாள்.

இப்போது கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு என் மகன் மூன்றே வரியில் ஜெபம் முடித்துவிடுகிறான். சோறு ஆவி பறக்க இருக்கும், எல்லாரும் சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள். "அம்மா, ஆமென் சொல்லியாச்சு, கண்ணத் தொறங்க," என்பான்.

எனக்குத் திறக்க மனசு வருவதில்லை. என் புழு இன்னும் வரவில்லையே.