கருந்தாடிச் சில்லைக்குக் கிடைத்த அந்தஸ்து

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் நாகலெட்சுமிக்கு ஒன்றரை ஏக்கர் நெல் வயல். வரப்போரம் ஒரு கருவேல மரம். அதில் ஏழெட்டுக் கருந்தாடிச் சில்லைகள். கட்டைவிரல் பருமன் குருவி, தாடையில் மை தீற்றியதுபோல் கறுப்பு. கதிர் பால் பிடிக்கையில் நாலு மணியைக் கொத்தும். அவள் கண்டுகொள்ள மாட்டாள். களையெடுக்கும்போது அதுகளோடுதான் அவளுக்குப் பேச்சே.

வாய்க்காலை அகலப்படுத்த அந்த மரத்தை வெட்டப்போவதாகச் செய்தி வந்தது. நாகலெட்சுமி பஸ் ஏறிப் பறவைப் பாதுகாப்பு அலுவலகம் போனாள்.

அதிகாரி யோகேஸ்வரன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "இந்தப் பறவையின் நிலை, 'போதிய தரவு இல்லை.'"

"அப்படின்னா?"

"அழியுதுன்னு தெரிஞ்சா காப்பாத்தலாம். பெருகுதுன்னு தெரிஞ்சா விட்டுடலாம். இதுல ரெண்டுமே தெரியல. யாரும் பாத்ததில்ல."

"நான் தெனமும் பாக்குறேனே சார்."

"நீங்க பாக்குறது வேடிக்கைம்மா. நாங்க பாத்தாத்தான் தரவு."

"அப்ப ஒரு எட்டு வந்து பாருங்க."

"தரவே இல்லாத பறவைக்கு ஜீப் ஒதுக்க மாட்டாங்களே!"

அவள் மகள் சத்யப்பிரியா குருவியைப் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே இலைதழை அச்சிட்ட சட்டைக்காரர்கள் பீரங்கி போன்ற கேமராக்களோடு வந்து இறங்கினார்கள். குருவி மிரளக் கூடாதே என்ற கருணையால் நெற்பயிரின்மேல் குப்புறப் படுத்தார்கள். ஒரு ஜோடி அங்கனயே கல்யாண ஆல்பமும் எடுத்துக்கொண்டது.

ஊரெல்லாம் பேச்சானதும் ஜீப் கிடைத்தது. யோகேஸ்வரன் வந்து எண்ணினார். கூட்டத்துக்குப் பயந்து மற்றதெல்லாம் கண்மாய்ப் பக்கம் பறந்துவிட, ஒன்றுதான் மிச்சம். "ஒண்ணே ஒண்ணு!" என்று பரவசப்பட்டார். அந்த வாரமே 'மிக அருகிய உயிரினம்' என்று ஆணை வந்தது. மரம் பிழைத்தது. நாகலெட்சுமி சந்தோஷத்தில் தெருவெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள்.

மறுநாள் மரத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். ஒன்றரை ஏக்கரும் வேலிக்குள்.

"அறுப்புக்கு நான் எப்படி சார் உள்ள போறது?"

"அறுத்தா பறவையின் வாழ்விடம் பாதிக்கும்மா."

"நெல்லு உதிர்ந்துருமே!"

"உதிரட்டும், பறவை சாப்பிடும்."

"ஒத்தக் குருவி ஒன்றரை ஏக்கரையுமா திங்கும்?"

"அதுக்குத் தரவு இல்ல" என்ற யோகேஸ்வரன், கையோடு சுற்றறிக்கையும் விட்டார்: 'மேற்படி பறவை அமரும் இடந்தோறும் வேலி நீட்டிக்கப்படும்.'

ஊர் விழித்துக்கொண்டது. கண்மாய்ப் பக்கம் போன குருவிகள் திரும்பி வந்து பக்கத்து முத்துகிருஷ்ணன் வயலில் இறங்கின. அவர் தகரத்தைத் தட்டினார். வீரையா வயலுக்குப் போயின. அங்கே எண்ணெய் டின் அதிர்ந்தது. கடைசியில் வேலிக்கு வெளியே நாகலெட்சுமிக்கு மிச்சமிருந்த மேட்டுத் துண்டு நிலத்தில் வந்து உட்கார்ந்தன. பழகிய முகமாச்சே என்று ஒன்று கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அவள் வேலியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்தாள்.

அடுத்த கணக்கெடுப்புக்கு வந்த யோகேஸ்வரன், நாலா திக்கிலும் எழுந்த சத்தத்தைக் கேட்டு ஜீப்பை நிறுத்தினார்.

"என்னம்மா இது?"

"குருவி வருதுல்ல சார், அதான்" என்றாள் நாகலெட்சுமி, தட்டுவதை நிறுத்தாமல்.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே அறிக்கை எழுதினார்: 'அரிய பறவையின் வருகையைப் பொதுமக்கள் மேளதாளத்துடன் வரவேற்கின்றனர். இத்திட்டத்தை மாவட்டம் முழுமைக்கும் விரிவுபடுத்தலாம்.'