எந்தக் கிரிஸ்டல் போட்டால் பாப்பா பேசுவாள்?

பத்து காஜா,
25.10.1983.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் கார்த்திகேசு அவர்களுக்கு, தங்கை புருஷன் பிச்சைமுத்து கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை ராக்காயியும் சுகம். கோழிகளும் சுகம். ஈப்போவில் நீங்களும் உங்கள் ரேடியோக் கடையும் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். சுகமில்லாமல் கிடப்பது என்னுடைய ரேடியோ மட்டும்தான்.

தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாரே, அந்தக் கையடக்க ரேடியோவைத்தான் சொல்கிறேன். அது பாட்டுப் பாடாது, செய்தி வாசிக்காது. டாக்சிக்காரர்களும் ஈயம் தோண்டும் லம்பத்துக்காரர்களும் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்கும். என் மகள் பாப்பா அந்த லூயிஸ் பையனைக் கட்டிக்கொண்டு போனபோது, அவள் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தது உங்களுக்குத் தெரியும். காதால் கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. அவள் ஈப்போவில் ஒரு டாக்சி கம்பெனியில் மைக்கைப் பிடித்து வண்டிகளை அனுப்புகிறாள் என்று நீங்கள் சொன்ன அன்றே எனக்கு யோசனை வந்துவிட்டது. அவள் குரலைக் கேட்டு ஒன்றரை வருஷமாயிற்று, மச்சான். சோறு இறங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இறங்குகிறது, ருசிதான் தெரியவில்லை.

நீங்களும் நான் கேட்டபடி, அந்த டாக்சி கம்பெனியின் பேச்சைப் பிடித்துக் கொடுக்கும் கிரிஸ்டல் மூன்று அனுப்பினீர்கள். மூன்றும் விரல் நகம் அளவு. "ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாடலுக்கு. ரேடியோவின் முதுகில் உள்ள நம்பரைப் பார்த்துப் போடவும். மாறிப்போனால் வேறு யாராவது பேசுவதுதான் கேட்கும்" என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தீர்கள். தப்பு என்னுடையது. பொட்டலம் வந்தது ஆயுத பூஜைக்கு மறுநாள். முதல் நாள்தான் ரப்பர் சீவுகத்தி, பால்வாளி, சைக்கிள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக் கழுவினேன். முப்பது வருஷம் தோட்டத்து ஆட்களை மேய்த்து மண்டோராக இருந்த கை, கழுவாத சாமானுக்குப் பொட்டு வைக்காது. ரேடியோவைத் தண்ணீரில் போடவில்லை, அவ்வளவு முட்டாள் இல்லை நான். ஈரத் தேங்காய் நாரால் தேய்த்தேன், அவ்வளவுதான். நம்பர் ஒட்டியிருந்த தாள் நாரோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் சந்தனம் பூசி, நடுவில் குங்குமமும் வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

சரி, மூன்றுதானே, போட்டுப் பார்ப்போம் என்று துணிந்தேன். முதலாவதைப் போட்டால் ஏதோ லம்பத்து ஆபீஸ். காலையிலிருந்து மதியம்வரை சீனத்தில் சண்டை. பக்கத்து வீட்டு அப்பாவு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னாண்ணே, இந்த வயசுல சீனம் படிக்கிறீங்களா லா?" என்றான். இரண்டாவதில் ஒரு மலாய்க்காரர், "மக்கான் சூடா சம்பாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், யாரும் பதில் சொல்லவில்லை. அவருக்குச் சாப்பாடு வந்ததா இல்லையா என்று தெரியாமல் எனக்குப் பசி எடுத்துவிட்டது. மூன்றாவதைத் திணிக்கும்போது அதன் கால் ஒன்று வளைந்துவிட்டது, இப்போது காற்றடிக்கிற சத்தம் மட்டும்தான். ஆனாலும் நேற்று அந்தக் காற்றுக்கு நடுவே ஒரு பெண்பிள்ளை இருமியது, மச்சான். பாப்பாதான் என்றேன். ராக்காயி, "கோழி லா அது" என்கிறாள்.

ஆகவே ரேடியோவை இந்தத் தாளின் பின்புறம் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறேன். சிவப்பு லைட்டு நாலு, தலையில் திருகு இரண்டு. மூக்கையும் முழியையும் பார்த்து, என்ன மாடல், எந்தக் கிரிஸ்டல் என்று எழுதுங்கள். இந்தத் தடவை கேட்டுவிடுவேன் என்று மனசு சொல்கிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் கைபட்ட ரேடியோக்கள் எல்லாம் நூறு வருஷம் பேசட்டும்.

இப்படிக்கு,
பிச்சைமுத்து

பி.கு.: மேலே கேட்டது எதற்கும் பதில் வேண்டாம். கடிதத்தையும் இன்றே நான் உங்கள் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். உறையை ஒட்டச் சொல்லி ராக்காயியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அந்த டாக்சி கம்பெனிக்கு போன் இருக்குல்ல? பண்ணா அவதான எடுப்பா" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "நான் வெள்ளிக்கிழமை தவறாம மளிகைக் கடையிலேருந்து பண்ணிக்கிட்டுதான இருக்கேன். சத்தியம் பண்ணது நீங்க, நானா?" என்றாள். ஒன்றரை வருஷம், மச்சான்! கோபத்தோடு மளிகைக் கடைக்கு நடந்து, அவள் சொன்ன நம்பரை அதே போனில் சுற்றினேன். "டாக்சி வேணுங்களா? எங்கேருந்து?" என்றாள் பாப்பா. ஒட்டுக்கேட்கத் தயாராக இருந்தேனே தவிர, பதில் சொல்லத் தயாராக இல்லை. "பத்து காஜா" என்றேன். "எங்க போகணும், அப்பா?" என்றாள்.

உன் வீட்டுக்கு என்றேன்.