சோதனைக்கு எடுத்த பெட்டி

"அப்பா, போன் வந்தா எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடுறாங்களே, நாம மட்டும் ஏன் படுத்துக்கிட்டே பேசுறோம்?"

எட்டு வயது மகள் ஒருமுறை இப்படிக் கேட்டபோது, "நம்ம வீட்டுச் சுவர் நல்ல சுவரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டார். அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது ஏறக்குறைய அதே கேள்வியை இருபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டிருந்தார்கள். அந்தப் புகார் அவருடைய அலுவலகத்தில் டைரக்டர் மேசைமேல் இருந்தது.

"உங்க தெருவாச்சே மூக்கு! அரை மணி நேரத்துல முடிச்சுடுவீங்க" என்றார் டைரக்டர்.

அலைவரிசைக் கண்காணிப்பு ஆணையத்தில் ஆய்வாளர் அந்த அப்பா. அனுமதி இல்லாமல், போன் சிக்னலை இழுத்துக் கூட்டும் பூஸ்டர் பெட்டி வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடிப்பது வேலை. அந்தப் பெட்டி இருக்கும் வீட்டில் டவர் கொட்டோ கொட்டென்று கொட்டும், அக்கம்பக்கத்தில் செத்துப்போகும். ஒருவன் டவரின் காதில் வாயை வைத்துக் கத்திக்கொண்டே இருந்தால், மற்றவர்கள் பேசுவது அதற்கு எப்படிக் கேட்கும்? எந்தத் தெருவில் எந்த வீட்டில் பெட்டி என்று முகர்ந்து சொல்லிவிடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு மூக்கு என்று பெயர். வீட்டிலும் மூக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. ஏனென்றால் அந்தத் தெருவில் பெட்டி இருந்தது அவருடைய வீட்டில்தான்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு கடையில் பறிமுதல் செய்த பெட்டி. அன்று ஸ்டோர் ரூம் பூட்டியிருந்தது. 'காலையில் ஒப்படைத்துவிடலாம், அதற்குள் வேலை செய்கிறதா என்று ஒரு சோதனை' என்று வீட்டில் மாட்டினார். சோதனை இன்னும் முடியவில்லை.

புகாரில் ஏழாவது கையெழுத்து அவர் மனைவியுடையது.

மறைவாகப் போய் வீட்டுக்குப் போன் செய்தார்.

"நீ எதுக்குக் கையெழுத்து போட்ட?"

"எதிர்வீட்டு டெய்லர் அக்கா வந்து கேட்டாங்க. நான் மட்டும் போடலன்னா சந்தேகம் வராதா?"

"சரி சரி, அந்தப் பெட்டியை உடனே கழட்டு."

"கழட்டினா நீங்க பேசுறது எனக்கு எப்படிக் கே..."

கேட்கவில்லை. கழற்றிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாடியில் இருந்த குட்டி ஆன்டெனாவையும் பிடுங்கிவிடலாம் என்று ஏணியில் ஏறினார். கையில் ஸ்பேனரோடு அவர் நிமிர்ந்தபோது கீழே தெருவே கூடியிருந்தது. மதியத்திலிருந்து எல்லா வீட்டிலும் போன் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

"பாத்தீங்களா, ஆபீசர் தானே மாடி ஏறி டவரைச் சரி பண்ணிட்டாரு!"

"இவரு ஒருத்தர் போதும்யா நம்ம தெருவுக்கு!"

கைதட்டினார்கள். யாரோ குடிக்கத் தண்ணீர்கூடக் கொண்டுவந்தார்கள். கடவுள் சிலரைக் குட்டித் திருத்துகிறார், சிலரைக் கைதட்டித் திருத்துகிறார். அவர் தண்ணீரை வாங்கி, குடிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

கூட்டத்தின் ஓரத்தில் டெய்லர் அக்கா, கழுத்தில் அளவு டேப்போடு நின்றிருந்தாள். அவள் மகன் கப்பலில் வேலை செய்கிறான். கப்பல் கரை சேரும்போது மட்டும்தான் அவனால் பேச முடியும். அவன் கூப்பிட்டு இவளுக்குக் கிடைக்காமல் போனது இதுவரை மூன்று முறை. அவன் எப்படி இருக்கிறான் என்றே தெரியாமல்தான் அவள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள்.

அதற்குள் டைரக்டர் போனில் கூப்பிட்டார். "புகார் குடுத்த அன்னைக்கே டவர் வந்துடுச்சாமே! எவனோ பயந்து கழட்டிட்டான். விடக்கூடாது. நாளைக்குக் காலையில நானும் வேன்ல வர்றேன். வீடு வீடா ஏறிப் பாத்துடுவோம்."

"வீட்டை விட்டு வெளியே போகணும் இது" என்றார் மனைவியிடம், கழற்றிய ஆன்டெனாவோடு இருந்த பெட்டியைக் காட்டி.

"எங்க போகும்? குப்பையில போட்டா குப்பைக்காரர் எடுத்துட்டு வந்து யாருதுன்னு கேப்பாரு." கொஞ்சம் யோசித்தாள். "எதிர்வீட்டுல வெச்சா? புகார் குடுத்தவங்க வீட்டுலயே யாரு தேடப் போறாங்க?"

அது நல்ல யோசனையாகத் தோன்றியதே அவர் எந்த நிலைமையில் இருந்தார் என்பதற்குச் சாட்சி.

மனைவி போய்விட்டு வந்தாள்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. 'அக்கா, இதை வெச்சுக்கோங்க, யாருக்கும் சொல்ல வேண்டாம்'னேன். அவங்க கண்ணு கலங்கிடுச்சு, பாவம். ஏன்னு தெரியல."

மறுநாள் காலை வேன் தெருவுக்குள் நுழைந்ததுமே உள்ளே இருந்த கருவி கத்த ஆரம்பித்தது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். "சார், பெட்டி ஓடிக்கிட்டு இருக்கு!"

அவர் சீட்டின் நுனிக்கு வந்தார். தன் வீட்டைத் தாண்டும்போது சத்தம் கூடியது. எதிர்வீட்டு வாசலில் காதைப் பிளந்தது.

கதவைத் திறந்த டெய்லர் அக்காவின் முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. உள்ளே தையல் மெஷின் மேல், துணிகளுக்கு நடுவே, பெட்டி பச்சை விளக்கோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"தம்பி! காலையில ஆறு மணிக்கு என் பையன் பேசிட்டான்! நல்லா இருக்கானாம். இளைச்சிட்டியான்னு கேட்டேன், குண்டாயிட்டேன்னு சொல்றான்!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் டைரக்டரைப் பார்த்ததும் சட்டென்று கையை விட்டாள்.

"இது சட்டப்படி குற்றம்மா" என்றார் டைரக்டர். "யாரு குடுத்தா?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லலன்னா வழக்கு உங்க பேர்லதான் போடணும்."

"போடுங்க. மூணு தடவை பிள்ளை குரலைக் கேக்காம தவிச்சேன். அது தெரிஞ்சு, நல்ல மனசோட, 'வெச்சுக்கோங்க அக்கா'ன்னு குடுத்தவங்க அவங்க. அவங்களைக் காட்டிக்குடுத்துட்டு நான் என் பிள்ளைகிட்ட எந்த வாயால பேசுறது?"

அவளுக்கு இன்னும் புரியவில்லை. ஆய்வாளர்தான் இரக்கப்பட்டுத் தனக்கு ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். டைரக்டர் பார்க்காத நேரம் பார்த்து, பயப்படாதீங்க என்பது போல அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

அந்தக் கண்ணைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மாடியில் கேட்ட கைதட்டலைத் தாங்கிக்கொண்டார். இதை முடியவில்லை.

"சார், பெட்டி என்னுது" என்றார். குரல் எங்கிருந்தோ வந்தது போல இருந்தது. "அக்கா, உங்க பையன் கூப்பிட்டு உங்களுக்குக் கிடைக்காம போனதே இதனாலதான். எட்டு மாசமா இது என் வீட்டுல ஓடிச்சு. நேத்து பயந்துபோய் உங்க வீட்டுல ஒளிச்சு வெச்சேன்."

தெருவில் யாரோ இருமினார்கள். எதிரே மனைவி கதவைப் பாதி மூடிக்கொண்டாள்.

"அப்போ அந்த மூணு தடவையும்..." என்றாள் டெய்லர் அக்கா.

"ஆமாக்கா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவள் உள்ளே போனாள். பெட்டியின் வயரைப் பிடுங்கி அழகாகச் சுற்றினாள். தைத்து முடித்து அடுக்கியிருந்த துணிப்பைகளில் ஒன்றை எடுத்து, பெட்டியை அதற்குள் போட்டு நீட்டினாள்.

"தெருவே பாக்குது. மூடி எடுத்துட்டுப் போங்க."

அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேனுக்கு நடந்தார்.

வேன் கிளம்பியது. வேலை போய்விடும் என்று அவர் முடிவே செய்துவிட்டார். டைரக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார், நெற்றியைத் துடைத்தார், மறுபடி கழுத்தைத் துடைத்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "அது பச்சை லைட்டு எரியறதா, நீல லைட்டா?"

"பச்சை சார்."

"ம். நீலம்தான் நல்லா இழுக்கும்" என்றவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதாவது, அப்படின்னு சொல்றாங்க. ஸ்டோர்ல ஒப்படைச்சுட்டு, நடந்ததை நீங்களே எழுதிக் குடுங்க. பாக்கலாம்."

டிரைவர் அவசியமே இல்லாமல் ஹாரன் அடித்தார்.

அலுவலகத்தில் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அம்மா சாவியை எடுக்கவே யோசித்தாள். கதவைத் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. இரும்பு அலமாரிகளில் வரிசையாகப் பெட்டி வடிவத்தில் தூசி இல்லாத கட்டங்கள் இருந்தன. பெட்டி ஒன்றுகூட இல்லை.

"வேணாம் சார், திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க" என்று கெஞ்சினாள். "ஒண்ணுமே இல்லன்னா ரூம் காலின்னு நெனப்பாங்க. ஒண்ணே ஒண்ணு இருந்தா, மத்தது எங்கேன்னு கேப்பாங்க."

அவர் பையிலிருந்து பெட்டியை எடுத்து நடு அலமாரியில் வைத்தார். ஒரு காகிதத்தில், 'எட்டு மாதம் என் வீட்டில் இருந்தது. தவறு என்னுடையது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டினார். எல்லாருடைய கண்ணிலும் படும்படி ஒட்டினார். பிறகு போய் டைரக்டருக்கும் அதையே விரிவாக எழுதிக் கொடுத்தார். சம்பள உயர்வு மூன்று மாதம் தள்ளிப் போயிற்று. டைரக்டர் அந்த உத்தரவில் கையெழுத்துப் போட ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் ஸ்டோர் அம்மா தினமும் மதியம், கதவைப் பூட்டாமல், "சாப்பிடப் போறேன்" என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போதும் இருமிக்கொண்டே வந்தாள். அந்த நேரத்தில் யார் அந்தப் பக்கம் போனார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் விரும்பவில்லை.

சனிக்கிழமை அவள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார், ஸ்டோருக்கு வந்ததா பதிவுல பதினாறு பெட்டிதான் இருக்கு. அலமாரியில பதினெட்டு இருக்கே, மிச்சம் ரெண்டை நான் எங்க எழுதுறது?"