ஏ பெட்டி எலிகள்

ஏ பெட்டி எலிகளுக்கு இந்த வாரமும் கட்டி பெருத்திருந்தது.

சமுத்திரம் கம்பி மூடிக்கு மேலே குனிந்து ஆறு எலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றின் விலாவிலும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு. பிறகு பக்கத்திலிருந்த பி பெட்டியைப் பார்த்தார். அங்கே இருந்த ஆறும் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி உமியைக் கிளறிக்கொண்டு ஓடின. கட்டி எங்கே இருந்தது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

"உங்களுக்கு எதுக்கு இந்த ஆட்டம்? செத்த நேரம் சும்மா கெடங்க!" என்று பி பெட்டியை அதட்டினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் இருந்த கல்லூரி அது. சமுத்திரம் அங்கே விலங்கியல் துறை உதவியாளர். தொண்ணூறாம் வருஷம் பின்பக்கத்துக் குடோனைக் காலி செய்து எலி அறை ஆக்கினார்கள். மூன்று வருஷமாகத் தீனி, தண்ணீர், உமி மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. சாயங்காலம் சுந்தரபாண்டியத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் யாராவது கேட்பார்கள்.

"என்ன சமுத்திரம், எலியெல்லாம் சொகமா?"

"எலியா? நாங்க அங்க புத்துநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கோம்!"

அந்த 'நாங்க' வாயிலிருந்து வரும்போதே அவருக்கு அரை அடி உயரம் கூடிவிடும். கூடினால்தான் என்ன? அந்தத் தாலுகாவில் வேறு யார் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர் விலங்கியல் விரிவுரையாளர் ஞானபாக்கியம் டீச்சர். ஆறு வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு உழைக்கிறார். புற்றுக்கட்டியின் செல்லுக்குப் பசி அதிகம், ஒரு குறிப்பிட்ட சத்தைக் கண்டால் அள்ளி அள்ளித் தின்னும். அந்தச் சத்தோடு விஷ மருந்தை ஒட்டி அனுப்பினால் கட்டி தானே வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும், நல்ல செல் தப்பித்துவிடும். இதுதான் அவர் யோசனை. இந்தச் சோதனையும் தோற்றால் அறையை மறுபடி குடோனாக்கி விடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆறு வருஷமும் தண்ணீரில் போய்விடும்.

சோதனை எளிதானது. பன்னிரண்டு எலிகளுக்கும் கட்டி வரவழைத்தாயிற்று. ஒரு பெட்டிக்கு மருந்து, இன்னொரு பெட்டிக்கு வெறும் உப்புத் தண்ணீர். அவருக்கு வழிகாட்டியான மதுரைப் பேராசிரியர் காசிராஜன் இரண்டு புட்டிகளில் நிரப்பி, ஏ, பி என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். எது எது என்ற விவரம் அரக்கு வைத்த உறைக்குள், பிரின்சிபால் பீரோவில் இருந்தது.

"எனக்கே தெரியாது அண்ணே. தெரிஞ்சா மனசு ஒரு பக்கமா சாஞ்சிரும், அளக்கும்போது கையும் சாஞ்சிரும்," என்று ஞானபாக்கியம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

சமுத்திரத்துக்குத் தெரியும். இதில் தெரிய என்ன இருக்கிறது? கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்குக் கட்டுவார்கள்? தேரை முதலில் தொடுவது யார்? பெரிய ஆளுக்குத்தான் எதுவும் முதலில். மருந்து பெரிய ஆள். தண்ணீருக்குப் போய் எந்த மடையனாவது முதல் எழுத்தைக் கொடுப்பானா? ஏ தான் மருந்து. டீச்சர் அடக்கத்துக்காகத் தெரியாது என்கிறார்.

அதனால்தான் இப்போது அவர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்து குடித்த எலிக்குக் கட்டி பெருக்கிறது, தண்ணீர் குடித்த எலி தேறுகிறது. ஏன் தேறுகிறது? தன்னுடைய கவனிப்பால்தான் என்று அவர் முடிவுக்கு வந்தார். வேளாவேளைக்கு ஊறவைத்த கடலை, தினமும் புது உமி. தன் கைராசி டீச்சரின் மருந்தைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. பெருமைப்படுவதா அழுவதா என்று அவருக்குப் புரியவில்லை.

முதல் வேலையாக ஏ பெட்டியைத் தூக்கி ஜன்னலோரம், வெயிலும் காற்றும் படுகிற இடத்தில் வைத்தார். வெள்ளை எலிக்கு வெளிச்சம் ஆகாது. கண் கூசி ஒன்றையொன்று கடித்து வைத்தன. இரண்டாம் நாள் ஞானபாக்கியம் பார்த்துப் பதறிவிட்டார்.

"காதெல்லாம் காயம்! யாருண்ணே பெட்டிய நகத்துனது?"

"காத்து வரட்டும்னு…"

"பழைய எடத்துலயே வைங்க. இனிமே எதையும் மாத்தப்பிடாது, என்ன?"

பழைய இடத்தில் வைத்தார். மாற்றக்கூடாது என்றால் சரி, வேண்டிக்கொள்ளலாம் அல்லவா? வெள்ளிக்கிழமை ஆண்டாள் கோயிலுக்குப் போய்ப் பொட்டலத்தில் குங்குமம் வாங்கி வந்தார். ஏ பெட்டி எலிகள் ஆறுக்கும் நெற்றியில் வைத்தார். எலி சும்மா இருக்குமா? முன்னங்காலால் முகத்தைத் துடைத்து, குங்குமத்தை மூக்கெல்லாம் அப்பிக்கொண்டது.

அளக்க வந்த ஞானபாக்கியம் நோட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"ஐயோ, மூக்குல ரத்தம்! ஆறுக்கும்!"

சமுத்திரம் வாயைத் திறந்தார். டீச்சர் வேதக்காரர், கல்லூரிக்கு வரும்போதே சர்ச்சில் ஜெபம் பண்ணிவிட்டு வருகிறவர். அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் முழித்துக்கொண்டிருக்கும்போதே ஞானபாக்கியம் நோட்டில் 'சிவப்புக் கசிவு, காரணம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு மதுரைக்குப் போன் போட ஓடினார்.

அடுத்த மாதம் வருவதாக இருந்த பேராசிரியர் காசிராஜன், வருகிற புதன்கிழமையே புறப்பட்டு வருவதாகச் சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டுத் தலைமைக் கணக்கர் சௌந்தரபாண்டியன் கைகொட்டிச் சிரித்தார். அவருக்கு எலி அறை என்றாலே ஆகாது. அந்தப் பக்கம் போனால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவார்.

"ஏலே சமுத்திரம், ஊருல எல்லாவனும் எலியக் கொல்ல மருந்து வைக்கான். நீங்க எலியப் பொழைக்க வைக்க மருந்து குடுக்கிய. வெளங்குமாலே?"

"புத்துநோய்க்கு சார்…"

"எங்க ராஜபாளையத்துல வந்து பாரு. வளத்தா நாய் வளக்கணும்ல. என் வீட்டு நாய் நாலு குட்டி போட்டுருக்கு, பாலு மாதிரி வெள்ள. கலெக்டர் ஆபீஸ்ல இருந்தே கேட்டு ஆள் வருதான்."

"எனக்கு ஒண்ணு குடுங்க சார்."

"எலிக்குத் தாலாட்டுப் பாடுதவனுக்கா? போலே!"

புதன்கிழமை வந்தது. காலை ஒன்பதரைக்குச் சமுத்திரம் எலி அறைக்குப் போனபோது, சௌந்தரபாண்டியன் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளேயிருந்து வேகமாக வெளியே வந்தார்.

"நாத்தம் கொடலப் பிடுங்குது. பெரிய மனுசன் வாராரு, சாம்பிராணி போடுலே!" என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் போய்விட்டார்.

இன்றைக்குக்கூடக் குறை சொல்ல வந்துவிட்டாரே என்று சமுத்திரம் நொந்துகொண்டார். அறைக்குள் இரண்டு பெட்டிகளும் கறுப்புத் துணியால் மூடி இருந்தன. ஜன்னலை விட்டுத் தள்ளி, எப்போதும்போல் இடப்பக்கம் ஏ பெட்டி, வலப்பக்கம் பி பெட்டி. துணிக்கு வெளியே கயிற்றில் அட்டைகள் தொங்கின.

டீச்சர் தோற்கப்போகிறார். இந்த ஊரில் ஒரு பெண் இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் உப்புத் தண்ணீரிடம் தோற்பதா? சமுத்திரத்துக்கு அட்டைகளைப் பார்க்கவே கூசியது. சுவரில் தொங்கிய காலண்டர் ஆண்டாளைப் பார்த்துக்கொண்டே, கை தடவி இரண்டு கயிறுகளையும் அவிழ்த்தார். இடப்பக்கத்து அட்டையை வலப்பக்கமும் வலப்பக்கத்து அட்டையை இடப்பக்கமும் கட்டினார். திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து கதவைப் பூட்டினார்.

வாசலில் ஞானபாக்கியம் நின்றார். இஸ்திரி மடிப்புக் கலையாத சேலை, கையில் நீளமான நோட்டு.

"சாவியக் குடுங்க அண்ணே, சார் வந்துட்டாங்க. பயமா இருக்கு. ஆனா ஒண்ணு, இருபத்தெட்டு நாளும் எந்தப் பெட்டியில எந்தக் கட்டி எம்புட்டுன்னு ஒண்ணுவிடாம எழுதியிருக்கேன். சார் நோட்டையும் பெட்டியையும் சரிபாக்கட்டும். தோத்தாலும் நான் பொய் சொன்னேன்னு எவனும் சொல்ல முடியாது."

சமுத்திரம் சாவியைக் கொடுத்த பிறகுதான் யோசித்தார். நோட்டு! நோட்டு ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாரே. நோட்டில் ஏ பெட்டிக்குப் பெரிய கட்டி, இப்போது ஏ அட்டை தொங்கும் பெட்டியில் சின்னக் கட்டி. தோற்கப்போகிறவரைத் தான் பொய்க்காரியும் ஆக்கிவிட்டார்.

"டீச்சர், அந்தச் சாவிய ஒரு நிமிசம்…"

அதற்குள் பிரின்சிபாலும் பேராசிரியரும் வந்துவிட்டார்கள். பின்னாலேயே மூக்கில் கைக்குட்டையோடு சௌந்தரபாண்டியன். எல்லாரும் உள்ளே நுழைந்தார்கள்.

பேராசிரியர் காசிராஜன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். பிறகு அரக்கை உடைத்து உறையைப் பிரித்தார்.

"ஏ, உப்புத் தண்ணீர். பி, மருந்து."

ஞானபாக்கியம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. சௌந்தரபாண்டியனின் முகம் ஏனோ சாம்பலாக வெளுத்து, கைக்குட்டை மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறியது.

சமுத்திரம் தலையில் கை வைத்துக்கொண்டார். மருந்து ஜெயித்திருக்கிறது! ஜெயித்த மருந்தைத் தன் கையாலேயே தோற்கடித்து வைத்திருக்கிறார்.

"நோட்டுப்படி மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கும்மா," என்றார் பேராசிரியர். "ஆனா இது என்ன சிவப்புக் கசிவு?"

"ஐயா!" சமுத்திரம் கும்பிட்டபடி முன்னால் வந்தார். "அது ரத்தம் இல்லங்கய்யா. ஆண்டாள் கோயில் குங்குமம். நான்தான் வச்சேன். ஏ பெட்டி தேறட்டும்னு வேண்டிக்கிட்டு வச்சேன். டீச்சர்ட்ட சொல்லப் பயந்துட்டேன்."

பிரின்சிபால் இருமுவதுபோல் சிரித்தார். ஞானபாக்கியம் அழுகையும் சிரிப்புமாக அவரையே பார்த்தார்.

"இன்னொரு தப்பும் பண்ணிட்டேங்கய்யா. இன்னைக்குக் காலையில அந்த அட்டை…"

பேராசிரியர் அதற்குள் இரண்டு துணிகளையும் விலக்கிவிட்டார். இடப்பக்கத்துப் பெட்டியில் புளியங்கொட்டைக் கட்டிகளோடு ஆறு எலிகள் சுருண்டு கிடந்தன. அதன்மேல் தொங்கிய அட்டையில் 'ஏ'. வலப்பக்கத்தில் ஆறும் துள்ளிக்கொண்டிருந்தன. அட்டையில் 'பி'.

சமுத்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். 'ஏ' தான்.

"நோட்டும் பெட்டியும் சரியா இருக்கு," என்றார் பேராசிரியர். "அட்டைக்கு என்னப்பா?"

"ஒண்ணுமில்லங்கய்யா… தூசி தட்டலன்னு சொல்ல வந்தேன்."

பேராசிரியர் பேனாவை எடுத்து, 'காரணம் தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு 'குங்குமம்' என்று எழுதினார்.

"இது எலி வரைக்கும்தான். மனுஷன்கிட்ட போக இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு. இதையே இன்னொரு தடவை செய்யணும், பொட்டு வைக்காம. அதுக்கு இந்த அறை வேணும் பிரின்சிபால் சார். இன்னும் இருபத்து நாலு எலி அனுப்புறேன்."

"இருபத்தெட்டு நாளும் ஒரு எலிகூடச் சாகல சார்," என்றார் ஞானபாக்கியம். "எங்க சமுத்திரண்ணன் வளத்தது. என் புஸ்தகத்துல முதல் நன்றி அவுங்களுக்குத்தான்."

முதல் நன்றி. சமுத்திரம் சுவரைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்குச் சுந்தரபாண்டியத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது 'நாங்க' என்று சொன்னால் ஊரே கேட்கும். ஆனால் அட்டை? தான் மாற்றிக் கட்டியது நிச்சயம். ஆண்டாளேதான் இறங்கி வந்திருக்கிறாள். காலண்டரைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டார்.

எல்லாரும் காப்பி குடிக்கப் போனதும் சௌந்தரபாண்டியன் அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். சட்டை முழுக்க வேர்வை. கைக்குட்டையைப் பிழிந்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, காதருகே குனிந்தார்.

"யார்ட்டயும் சொல்லிராதல. நம்ம டீச்சர் தோத்துரப்பிடாதுன்னு, காலையில நீ வாறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு அட்டையையும் மாத்திக் கட்டுனது நான்தான். தண்ணிக்கு எவனாவது மொத எழுத்தக் குடுப்பானா சொல்லு? பொறவு எந்தப் புண்ணியவான் வந்து அதத் திருப்பி மாத்துனானோ, அவன் மட்டும் யாருன்னு தெரிஞ்சா, என் நாய்க்குட்டியில ஒண்ண சும்மாவே தூக்கிக் குடுத்துருவேம்ல!"