காவலுக்கு வந்த ஒற்றைப் பனையும் விருந்துக்கு வந்த குருத்தும்

தமதாவ் நகரில் கைரிக்‌ஷா இழுக்கும் அன்பு மைத்துனன் ஜாவெலோவுக்கு, உன் அக்கா புருஷன் போத்தோ ஆசி கூறி எழுதுவது. இங்கு யாவரும் சுகம். கிராம்பு காயப் போட்டிருக்கிறோம், மழைதான் விடவில்லை.

உலகத்திலேயே இது ஒன்றுதான் மிச்சம், இதுவும் செத்தால் இனமே பூண்டோடு போய்விடும் என்று பலகை நட்ட அந்த ஒற்றைப் பனைக்கு ஒன்பது வருஷமாக நான்தான் காவல் என்பது உனக்குத் தெரியும். நேற்று அதைப் பார்க்கத் தலைநகரிலிருந்து மேலதிகாரி ஹனித்ரா அம்மாள் வந்தார். படகுத்துறையிலிருந்து நானே அழைத்து வந்தேன். உன் அப்பா வீட்டில் சாப்பாடு: சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பாலில் வெந்த பனங்குருத்து. அம்மாள் இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டு, "இவ்ளோ ருசியா இருக்கே, எந்தப் பனைங்க?" என்று கேட்க, உன் அப்பா சாவதானமாக, "நம்ம மாப்ள காக்குற சாதிதாம்மா. காலையிலதான் வெட்டுனேன்" என்றார். எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். குருத்தை வெட்டினால் மரம் செத்ததுதானே. வேலை போச்சு, ஜெயில்தான் என்று எழுந்து ஓடி, சேற்றில் இரண்டு தரம் விழுந்து, போய்ப் பார்த்தால் மரம் பாட்டுக்கு மடலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கட்டிப்பிடித்து அழுதேன்.

திரும்பி வந்து, "ஏன் மாமா இப்படி உசுர வாங்குறீங்க?" என்றால், "உன் மரத்த யாரு தொட்டா? விருந்தாளிக்குக் குருத்து போடாம அனுப்புனா ஊரு சிரிக்காதா? எங்க குடும்பக் கல்லறைக்குப் பின்னால நாப்பது நிக்குது. அங்க படுத்திருக்குற பெரியவங்களுக்குக் கரும்புச் சாராயம் ஊத்திக் கேட்டுட்டு ஒண்ண வெட்டுனேன்" என்கிறார்.

"ஒம்போது வருஷமா ஏன் சொல்லல?"

"நீ மருமகன், வேற வம்சம். அங்க காலே வைக்கக் கூடாது. அங்க நிக்குறத உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

அம்மாள் கொல்லையில் கிடந்த மடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதே இனம்தான் என்று சிரித்துவிட்டார். அப்பாடா, மரமும் பிழைத்தது, என் வேலையும் பிழைத்தது. நீ போன மாதம் இங்கே வேலை கேட்டாயே, அதற்கு வழியில்லை. இந்த மலைக்கு ஒரே காவல்காரன்தான், அது நான். நீ அங்கேயே நிம்மதியாக இரு.

உன் சக்கரம் பள்ளத்தில் விழாமல் முன்னோர் காக்கட்டும். அக்கா விசாரித்தாள்.

போத்தோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அம்மாள் வந்தார். நாற்பது இருக்கும்போது ஒன்றுக்கு எதற்குக் காவல், கல்லறைத் தோப்புக்குத்தான் வேண்டும் என்கிறார். உள்ளே போக உரிமையுள்ள ஆளாக இருக்க வேண்டுமாம். உன் அப்பா உன் பெயரைச் சொல்லிவிட்டார். முதல் படகில் வா. ரிக்‌ஷாவை யாருக்கும் விற்றுவிடாதே, எனக்கு வேண்டும்.